திருப்பூர் லைன் வீடுகளில் வைஃபை கடவுச்சொல் பரவும் முறை: ஒரு கள ஆய்வு

பனியனை ஆராய்ந்தவர்கள் பலர். சாயக் கழிவு, நொய்யல், அந்நியச் செலாவணி, பிழைக்க வந்த தொழிலாளர் என்று திருப்பூரை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்களை ரயில் நிலையத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை வரிசையாக நிறுத்தலாம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்த பிறகு அந்தத் தொழிலாளி யாருடைய இணைப்பில், யார் சொன்ன பாஸ்வேர்டில் படம் பார்க்கிறார் என்பதை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த ஆய்வு இடைவெளியும் தன்னை நிரப்பச் சொல்லி அழுததில்லை. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

களமும் ஆய்வாளனும்

லைன் வீடு என்பது ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர், வரிசையாக எட்டுக் கதவு, கடைசியில் பொதுக் குளியலறை, முன்னால் உப்புத் தண்ணீர்க் குழாய் ஆகியவற்றால் ஆனது. நமது களம் 15 வேலம்பாளையம் பக்கம் உள்ள ஒரு காம்பவுண்டு. குடியிருப்போர்: ஒரு கட்டிங் மாஸ்டர் குடும்பம், ஓர் ஓவர்லாக் டைலர் தம்பதி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுடன் ஒரு செக்கிங் அக்கா, ஓர் அயர்ன் மாஸ்டர், ஒரே அறையில் ஒடிசா இளைஞர்கள் சிலர், இன்னும் இரண்டு குடும்பங்கள், பிறகு இவ்வாய்வாளன். பகலில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். இரவில் லினக்ஸ்.

ஃபைபர் இணைப்பு ஹவுஸ் ஓனரம்மா பெயரில் உள்ளது. மாதக் கட்டணம் அவருடையது. ரவுட்டர் பொட்டி அவர் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. அதில் ஏதாவது சிவப்பாக எரிந்தால் மட்டும் அது ஆய்வாளனுடையது.

"ஏனுங் தம்பி, நெட்டு சுத்திக்கிட்டே கெடக்குது, படம் வரமாட்டீங்குது. சித்த வந்து பாக்கறீங்களா?"

இவ்வாறாக ஆய்வாளனுக்குக் களத்துக்குள் நுழையும் அனுமதி கிடைத்தது. சிவப்பு விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே, மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கும் கேபிளில் இருக்கும். 2021-ல் மின்தடைக்கு அணில் காரணம் என்று அமைச்சர் சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. ஃபைபர் கேபிள் இழுப்பவர்கள் சிரிக்கவில்லை.

முன்னோர் ஆய்வுகள்

தமிழ்நாட்டில் லினக்ஸைப் பரப்ப முயன்றவர் யார் என்ற வினாவுக்கு, அரசாங்கம் என்பதே விடை. பலரும் நம்பமாட்டார்கள். 2000களின் பிற்பாதியில் சி. உமாசங்கர் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அங்கே சூசி லினக்ஸ் ஏறியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி மாணவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆபிஸைத் தொடாமல் ஸ்டார் ஆபிஸை மனப்பாடம் செய்தார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் வீடு வந்து சேர்ந்தது. டெபியனை அடித்தளமாக வைத்து சி-டாக் உருவாக்கியது அது. மடிக்கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். அவசரத்தில் தவறான பெயரில் போய் நின்ற மாணவர்களில் பெரும்பாலோர் பதறி அணைத்துவிட்டார்கள். அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது இப்படிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றுப் பின்னணியையும் சொல்லியாக வேண்டும். 1991 ஜூலையில் டில்லியில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒரு பத்தி இருக்க வேண்டும்.

கருவிகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து வெளியேறிய மேசைக் கணினிதான் இவ்வாய்வின் முதன்மைக் கருவி. ஏற்றுமதிக்குத் தேறாத டி-ஷர்ட் காதர்பேட்டைக்கு வந்து செகண்ட்ஸ் என்ற பெயரில் இன்னொரு வாழ்க்கை வாழ்வதைப் போல, விண்டோஸுக்குத் தேறாத கணினி லினக்ஸுக்கு வருகிறது. சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. லேபிளைத்தான் வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கணினியைக் கம்பெனியிலேயே லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று ஆய்வாளன் சொல்லாமல் இல்லை. பனியன் கம்பெனிகளில் லினக்ஸுக்கு எதிராக எழும் தத்துவ வினா ஒன்றே ஒன்றுதான்.

"அதுல டேலி ஓடுமாங்க?"

நேராக ஓடாது. வைன் என்ற மென்பொருளை இடையில் வைத்து ஓட்டிக் காட்டலாம். காட்டினால், "ஜிஎஸ்டி போகுங்களா?" என்பது துணை வினா. அத்துடன் டீ வந்து விவாதம் முடிந்துவிடும். இந்த வினாவைக் கேட்ட கணக்காளரின் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான். அதைச் சொன்னால் போனை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

இரண்டாவது கருவி, ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் லினக்ஸ் ஏற்றப்பட்ட ஒரு பழைய ரவுட்டர். 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஒளிந்திருப்பது வெளியே தெரிந்தது. ஜிபிஎல் உரிமத்தின்படி அவர்கள் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நிரலிலிருந்து 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. மூன்றாவது கருவி பை-ஹோல். அது பழைய கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, விளம்பரக் கம்பெனிகளின் முகவரியை எந்தப் போன் கேட்டாலும் "அப்படி யாருமில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடும். அது என்ன முகவரி, யார் கேட்கிறார்கள் என்பது பின்னால் வரும். இக்கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பெயரிடல் இலக்கணம்

வைஃபை பெயர் 32 பைட்டுக்கு மிகாது என்பது பொதுவிதி. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு பைட் போதும். தமிழில் எழுத்துக்கு மூன்று. அதன் மேல் ஏறும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியே மூன்று. ஆகவே "திருப்பூர்" 30 பைட். மிச்சமுள்ள இரண்டில் வேறொரு தமிழ் எழுத்து நுழையாது. "திருப்பூர்15" என்று போட்டால் கச்சிதமாக 32. ஊருக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அதுவும் போயிற்று. அவிநாசியும் பல்லடமும் ஆளுக்கு 21 பைட்டில் சௌகரியமாக உட்காரும். ஊத்துக்குளி 33. ஒரே ஒரு பைட்டில், வெண்ணெய்க்குப் பேர்போன ஓர் ஊர் வைஃபை உலகத்துக்கு வெளியே நிற்கிறது. பெருமாநல்லூர் 39, அங்கே வழக்குப் போட்டாலும் பயனில்லை.

நமது காம்பவுண்டில் இந்த இலக்கணச் சிக்கல் எழவில்லை. கம்பெனி அச்சிட்டு அனுப்பிய பெயரை யாரும் மாற்றவில்லை.

இட அமைவு

பொட்டி டிவி ஸ்டாண்டில் இருந்தது என்றோம். அதற்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே ஏழு சுவர், ஐந்து இரும்பு பீரோ, ஒரு சின்டெக்ஸ் தொட்டி. இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும். தொட்டி நிறைந்திருக்கும் காலையில் எட்டாம் வீட்டில் படம் சுத்துவதும், குளித்துத் துவைத்துத் தொட்டி காலியான பிறகு ஓடுவதும் இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளத் தக்கவை.

இதைவிடப் பெரிய தடை திருப்பூருக்கே உரியது. இந்த ஊரில் எந்தப் பொருளும் உறையில்லாமல் இருப்பதில்லை. மிக்ஸிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. ஓவர்லாக் டைலரின் மனைவி சாம்பிள் துணியில் பொட்டிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி, கழுத்தில் ரிப், ஆண்டெனாக்களுக்கு இரண்டு கை. உலர்ந்த பருத்தி வைஃபை அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் சூட்டை வெளியே விடாது. மதியம் மூன்று மணிக்குப் பொட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்ததன் காரணம் இதுவே. உறையை எடுத்தால் தைத்தவர் மனம் நோகும். ஆய்வாளன் அதை அளவுக்காக வாங்கி, அடியில் கத்தரித்து, "காத்தோட்டம் வெச்சிருக்கேனுங்க" என்று திருப்பிக் கொடுத்தான். இது இவ்வாய்வின் ஒரே பொறியியல் சாதனை.

பரவல்

கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாது, 63-க்கு மிகாது என்பது டபிள்யூபிஏ2 விதி. இந்தக் கீழெல்லை இல்லாவிட்டால் நாட்டில் பாதி வைஃபைக்கு "1234" என்றே கடவுச்சொல் இருந்திருக்கும்; எல்லை இருப்பதால் "12345678" என்று இருக்கிறது. அதற்கு மேல் யோசிப்பவர்கள் மூவகை: முருகன் பெயரோடு 123 சேர்ப்போர், வண்டி நம்பர் வைப்போர், செல்போன் நம்பர் வைப்போர். நம் ஓனரம்மா மூன்றாம் வகை.

இந்தியச் செல்போன் எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்பு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. விளையாட்டுக்காக வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு சில மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். இந்த அபாயத்தை ஓனரம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வாளன் கேட்டை ஏறிட்டுப் பார்த்தான். "வீடு வாடகைக்கு" போர்டில் அதே எண் சிவப்புப் பெயிண்டில், தெருமுனையிலிருந்தே படிக்கும் அளவில் எழுதப்பட்டிருந்தது.

கடவுச்சொல் மாற்றப்பட்டது. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த, யாராலும் சொல்ல முடியாத ஒன்று வைக்கப்பட்டது. சொல்ல முடியாததால் பரவாது என்பது கருதுகோள். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் போன் வைஃபைக்குரிய கியூஆர் கட்டத்தைத் தானே காட்டும். இன்னொரு போன் அதைப் படம் பிடித்தால் போதும். செக்கிங் அக்காவின் மகன் அதைப் பிரிண்ட் எடுத்துக் குழாயடிச் சுவரில் ஒட்டியிருந்தான். மேலே மஞ்சள் குங்குமம் வைத்தது யார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

அடுத்த முயற்சி: எட்டு வீட்டுப் போன்களின் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் பதிந்து, மற்றவற்றை உள்ளே விடாமல் வைப்பது. 2019-ல் ஆண்ட்ராய்டும் 2020-ல் ஐபோனும் இதற்கு முன்கூட்டியே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. புதுப் போன்கள் ஒவ்வொரு வைஃபையிலும் தம் உண்மை முகவரியை மறைத்து ஒரு புனைபெயரைச் சொல்கின்றன. முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்று வந்தால் அது புனைபெயர் என்று கொள்க. கட்டிங் மாஸ்டர் மகளின் போன் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றிருந்த வித்தை, அவளையே வெளியே நிறுத்தியது. "பரீட்சைக்குப் படிக்கறேனுங்ண்ணா" என்று அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்ற அன்றே பட்டியல் கைவிடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்தக் காம்பவுண்டின் பிள்ளைகள் ஓனரம்மா திண்ணையில் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்கள். அன்றிலிருந்து பொட்டியின் மீது எல்லோருக்கும் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. "பாவம், புள்ளைக படிக்குதுங்க" என்ற ஒற்றை வாக்கியத்தின் முன் எந்தக் குறியாக்கமும் நிற்காது. கடவுச்சொல்லைக் கசியவிடுபவர் யார் என்று தேடிய ஆய்வு, ஓனரம்மாவிடமே வந்து முடிந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் அவரேதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதிவேடு

இப்போது அந்த முகவரி விஷயம். ஒரு போன் எந்தத் தளத்துக்குப் போனாலும், முதலில் அதன் பெயரைச் சொல்லி எண் முகவரியைக் கேட்க வேண்டும். 1983 முதல் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இப்படித்தான் நடக்கிறது. பக்கத்துக்குள் என்ன பார்த்தார்கள் என்பதை எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு மறைத்துவிடும். எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரியும். பை-ஹோல் வழியில் இருக்கிறது. எந்தப் போன், எத்தனை மணிக்கு, என்ன பெயர் என்று வரிசையாக எழுதி வைக்கிறது.

முதல் வாரத்திலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. இரவு முழுக்க விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒடிசா இளைஞர்கள் அல்லர், ஓனரம்மாவின் ஸ்மார்ட் டிவி. எல்லோரும் தூங்கிய பிறகும், அணைத்து வைத்த பிறகும், அது தன்னைச் செய்த கம்பெனியோடு பேசிக்கொண்டே இருந்தது.

இந்தப் பதிவேடு இருக்கும் செய்தி காம்பவுண்டில் பரவியது. பிறகு ஒவ்வொருவராக, தனித்தனியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள்.

"அந்த வடக்கத்திப் பசங்க ராத்திரில என்ன பாக்கறாங்கன்னு தெரியுமாமேங்?" இது ஓனரம்மா.

"என்ற புள்ளை போன்ல என்ன பண்றான்னு சும்மா ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க தம்பி." இது கட்டிங் மாஸ்டர்.

டைலர் தன் மனைவியைப் பற்றிக் கேட்டார். மனைவி, டைலர் ஆன்லைன் ரம்மி ஆடுகிறாரா என்று கேட்டார். அயர்ன் மாஸ்டர் யாரைப் பற்றியும் கேட்கவில்லை. தன்னுடையதை அழிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். வந்த அத்தனை பேரிடமும் ஓர் ஒற்றுமை இருந்தது. அடுத்தவர் பதிவு வேண்டும், தன் பதிவு இருக்கக் கூடாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். லைன் வீட்டில், பக்கத்து வீட்டில் தாளிப்பது என்ன பருப்பு என்பதே சுவர் தாண்டித் தெரிந்துவிடும். அங்கே அந்தரங்கம் என்று மிச்சமிருந்தது போன் திரை அளவுக்கு ஒரு சதுரம். அதையும் கடைசியில் கையில் வைத்திருந்தவன், வாடகை பாக்கி வைத்திருந்த ஒரு மெர்ச்சண்டைசர்.

விளம்பரக் கூட்டுக் குடும்பம்

பதிவேடு இல்லாமலே கசிவது ஒன்று உண்டு. எட்டு வீடும் வெளியே போவது ஒரே ஐபி முகவரியில். ஒரே முகவரியிலிருந்து வரும் கருவிகளை ஒரே வீட்டார் என்று கணிப்பது விளம்பரத் தொழிலில் வழக்கம். அதன் கணக்கில் நம் காம்பவுண்டு, தமிழும் ஒடியாவும் பேசும் பிரம்மாண்டமான ஒரு கூட்டுக் குடும்பம். ஒருவர் நகைக்கடன் தேடினால் இன்னொருவர் போனில் வட்டி விகிதம் வரும். கல்யாணமாகாத இளைஞனுக்குக் குழந்தைப்பேறு மருத்துவமனை வரும். ஒருநாள் ஓனரம்மாவின் போனில் பெருமாநல்லூர் பக்கம் வாடகை வீடுகள் வரிசையாக வந்தன.

"யாரோ காலி பண்றாங்க போலிருக்குதுங்" என்று அவர் எட்டுக் கதவையும் பார்த்தார். அடுத்த நாளே அட்வான்ஸ் பற்றிய பேச்சு எழுந்தது. பை-ஹோல் விளம்பர முகவரிகளை அடைத்த பிறகு இந்த வகைத் துப்பறிதல் பெரிதும் குறைந்தது. அதனால் ஓனரம்மாவுக்கு ஆய்வாளன் மீது சிறு வருத்தமும் உண்டு.

எதிர்வாதமும் மறுப்பும்

"விபிஎன் போட்டுட்டா யாருக்குமே தெரியாதுங்ளே?" என்பாரும் உளர். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டதிலிருந்து இந்தக் காம்பவுண்டில் விபிஎன் என்பது எல்லோரும் அறிந்த சொல். அது போட்டால் ஆய்வாளனுக்குத் தெரியாது, உண்மை. இலவச விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. பெயர்பெற்ற சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போயின. ஆகப் பதிவேடு ஒழியாது, கைதான் மாறும். பக்கத்து வீட்டுத் தம்பி கையில் இருப்பதா, பார்த்திராத நாட்டில் பார்த்திராத ஒருவர் கையில் இருப்பதா என்பதே எஞ்சும் கேள்வி. கட்டிங் மாஸ்டர் இதற்குத் தயங்காமல் விடை சொன்னார்: பார்த்திராதவரே மேல், அவர் கோயில் விசேஷத்துக்கு வரமாட்டார்.

ஆய்வு முடிபு

கடவுச்சொல்லைக் காப்பது வீண் வேலை. லைன் வீட்டில் அது தண்ணீர் வரும் நேரத்துக்கு நிகரான பொதுச் செய்தி. எட்டு வீடும் கட்டணத்தில் பங்கு போட்டால் ஓனரம்மாவுக்கும் சுமை குறையும், போடவும் தொடங்கியிருக்கிறார்கள். காக்க வேண்டியது பதிவேட்டை. பை-ஹோலில் அந்தரங்க நிலை சுழியத்திலிருந்து மூன்று வரை உண்டு. சுழியத்தில் எல்லாம் தெரியும். மூன்றில் யார் கேட்டது, என்ன கேட்டது இரண்டுமே எழுதப்படாது. விளம்பரம் அடைப்பது மட்டும் நடக்கும். நிலை மூன்று வைக்கப்பட்டது, பழைய பதிவுகள் அழிக்கப்பட்டன. இப்போது யார் வந்து கேட்டாலும், "அதுல வராதுங்க" என்று ஆய்வாளன் பொய் கலக்காமல் சொல்ல முடிகிறது. ஓனரம்மா நம்பவில்லை. மற்ற ஏழு வீடும் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் முன்னைவிட மரியாதையாகப் பேசுகிறார்கள்.

வீடு வாடகைக்கு விட்டு, வைஃபையும் சேர்த்துத் தரும் ஓனர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள், எல்லோரிடமும் இருக்கிறது. பொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல பொட்டிகளில் நிர்வாகப் பக்கம் இன்னமும் "அட்மின், அட்மின்" என்றே திறக்கிறது. அங்கே நுழைகிறவர் உங்கள் எட்டு வீட்டையும் தாம் விரும்பும் டிஎன்எஸ் முகவரிக்குத் திருப்பிவிடலாம். முதலில் அதை மாற்றுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் காம்பவுண்டில் லினக்ஸ் பைத்தியம் ஒன்று கட்டாயம் இருக்கும், கூப்பிடுங்கள். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.